மரத்தவளை கற்பித்த பாடம்

பிறருக்குப் புத்தி சொல்வது எளிது. சொல்லுமுன் அவர் செய்யும் வேலையை ஒருமுறையேனும் அருகிருந்து பார்ப்பது அரிது. குருமடத்திலே நாம் பயின்ற நூல்கள் பல இருந்தும், இவ்வுண்மை நம் மனத்தில் ஆழப் பதிந்தது ஒரு விரல் நீளமுள்ள மரத்தவளையினால்தான். அந்த வரலாற்றை இங்கு எழுதுவது, நம்மைப் போல் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கும் பெற்றோருக்கும் பெரியோருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தினால் ஆகும்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் வடலூருக்கு முன்பாக உள்ளது குறிஞ்சிப்பாடி. கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இதன் அருகே பெருமாள் ஏரி பரந்து கிடக்கிறது. பரவனாற்று நீரும், அவ்வாற்றின் வழியே நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீரும் அதில் வந்து சேர்கின்றன. கோரையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த கரையோரங்கள் விரால் மீனுக்கு உகந்த இருப்பிடம். சங்கப் பாடல்கள் வரால் என்று குறிப்பிடும் மீன் இதுவே.

ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். கதவும் நிலையும் செய்வதில் கைதேர்ந்தவர். முகம் வாடியிருந்தது.

"சாமி, என் பையனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். பட்டயப் படிப்புப் படிக்க வைத்தேன். சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தான். இப்போது வேலையை விட்டுவிட்டு வந்து, பட்டறை மூலையில் உட்கார்ந்து மரத்தில் தவளை செதுக்குகிறான். அதற்குச் சாயம் பூசுகிறான். தொட்டியில் விட்டு விளையாடுகிறான். இருபத்து நாலு வயசுப் பிள்ளை செய்கிற காரியமா இது?"

"தவளையை என்ன செய்கிறானாம், மேஸ்திரி?"

"தூண்டிலில் கட்டி மீன் பிடிப்பதற்காம். விற்கிறானாம்!"

மறுநாளே அப்பையனை அழைத்தோம். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உழைப்பின் பெருமையைப் பற்றியும் தந்தையின் வேதனையைப் பற்றியும் நீண்ட நேரம் பேசினோம். சூதாட்டத்தில் கிட்டும் வெற்றியை வள்ளுவர் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டிருப்பதையும் எடுத்துக் காட்டினோம். அவன் மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. விடைபெறும்போது, "சாமி ஒரு தடவை பட்டறைக்கு வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்" என்று மட்டும் சொன்னான். "பார்ப்போம்" என்றோம். பின்பு அதை மறந்தே போனோம்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு காலை அப்பையனின் தாய் கண்ணீரோடு வந்து நின்றார். முந்திய இரவு வார்த்தை தடித்து, தகப்பனார் கொட்டாப்புளியை எடுத்து, விற்பனைக்கென வரிசையாக வைத்திருந்த முப்பது தவளைகளையும் உடைத்துவிட்டாராம். "சாமியே வேண்டாமென்று சொல்லிவிட்டார், இனி என்னடா பேச்சு என்று கேட்டுக்கொண்டே உடைத்தார் சாமி" என்று அந்த அம்மாள் சொன்னபோது நமக்குச் சுருக்கென்றது. உடைத்தது அவர் கையே ஆயினும், அந்தக் கைக்குத் துணிவு கொடுத்தது நமது சொல் அன்றோ? அன்றே பட்டறைக்குச் சென்றோம்.

தரையில் உடைந்த துண்டுகளைப் பையன் ஒரு முறத்தில் அள்ளி வைத்திருந்தான். நம்மைக் கண்டதும் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான். குறையொன்றும் கூறவில்லை. தன் வேலையைக் காட்டத் தொடங்கினான். அடுத்த இரண்டு மணி நேரமும் நாம் மாணாக்கரானோம்.

இந்தப் பொய்யிரையை இக்காலத்து இளைஞர் 'லூர்' என்கின்றனர். பொம்மை செய்ய உதவும் வெப்பாலை மரத்தையும், எடை குறைந்த கல்யாண முருங்கையையும் அவன் பயன்படுத்துகிறான். துண்டை அறுத்துத் தவளை வடிவாகச் செதுக்கி, வாய்ப்புறத்தைக் கிண்ணம் போல் குழிவாகக் குடைகிறான். நரம்பை இழுக்கும்போது அக்குழிவு நீரை முட்டி 'களக்' என்று ஒலியெழுப்பும். வயிற்றில் துளையிட்டு ஈயம் வைக்கிறான். பாசியில் சிக்காதபடி தூண்டில் முட்களை மேல்நோக்கிப் பொருத்துகிறான். பின் நீர் புகாதபடி மரத்தின் கண்களை அடைக்கும் எண்ணெய்ப் பூச்சு. ஓரிடத்தில் நீர் புகுந்தாலும் மரம் ஊதிச் சாயம் வெடித்துவிடுமாம்.

சாயம் பூசுவது தனிக் கலை. முதலில் வெள்ளை. அது காய்ந்தபின் நிறங்கள். மீன் வடிவில் செய்யும் இரைக்குச் செதில் வேண்டுமானால், வலைத்துணியை அதன்மேல் இறுகக் கட்டிச் சாயத்தைத் தெளிக்கிறான். துணியை எடுத்ததும் உடம்பெங்கும் செதில் வரிசை தெரிகிறது! அவன் அக்காளின் பழைய துப்பட்டா ஒன்று இதற்கென்றே அறுபட்டிருந்தது. கடைசியில் கண்ணாடி போன்ற மேற்பூச்சு. அது ஒரு புறமாக வழிந்து திரளாதிருக்க, மெல்லச் சுழலும் சிறு மோட்டாரில் தவளைகளைக் கட்டி இரவு முழுதும் சுழல விடுகிறான்.

"இத்தனை நிறமும் மீனுக்குத் தெரியுமா, தம்பி?" என்று கேட்டோம்.

"முதுகின் நிறம் வாங்குகிறவருக்கு, சாமி. மீன் கீழேயிருந்துதானே பார்க்கும்? அதற்கு வயிறுதான்" என்று சிரித்தான்.

ஆனால் நம்மை மிகவும் ஈர்த்தது அதன்பின் வரும் சீர்பார்த்தல்தான். ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்க்கிறான். ஈயம் சற்று முன்னே போனால் தவளை மூக்கால் மூழ்கும். பின்னே போனால் நிமிர்ந்து நின்றுவிடும். நடுக்கோட்டை விட்டு விலகினால் ஒருக்களித்துச் சாயும். மீன் வடிவ இரைக்கு முகத்தில் ஒரு தகடும், நரம்பு கட்ட ஒரு கம்பி வளையமும் உண்டு. இழுக்கும்போது இரை நேரே வராமல் இடப்புறம் ஓடினால் அவ்வளையத்தை வலப்புறம் வளைக்க வேண்டும். வலப்புறம் ஓடினால் இடப்புறம். வளைக்கும் அளவோ, தச்சர் கணக்கில் அரை நூலுக்கும் குறைவு. சற்று மிகுந்தால் முன்னிருந்ததை விட மோசமாகிவிடும்.

"ஒரே அச்சில்தானே செய்கிறாய்? ஒன்றைப் பார்த்தால் போதாதா?" என்றோம்.

"ஒரே பலகையில் அறுத்த இரண்டு துண்டும் ஒரே மாதிரி மிதக்காது, சாமி. மரத்தின் ஓட்டம் வேறு வேறாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்."

இச்சொல்லைக் கேட்டபோது, அவனைத் தொட்டியில் விட்டுப் பாராமலே நாம் வளைக்க முற்பட்டதை எண்ணி வெட்கினோம்.

இக்கலை நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். விரால் இனத்து மீன்களுக்காகத் தாய்லாந்திலும் மலேசியாவிலும் கையால் மரத்தவளை செய்வோர் உள்ளனர். வட அமெரிக்காவின் ஏரிகளில் மஸ்கி என்றொரு பெரிய மீன் உண்டு. விராலைப் போலவே மறைவில் அசையாது நின்று பாயும் குணமுடையது. விஸ்கான்சின் மாநிலம் 1955-ல் அதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. பத்தாயிரம் முறை எறிந்தால்தான் ஒன்று அகப்படும் என்று அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வர். அம்மீனுக்கென மரத்தில் இரை செதுக்கி, நிறந்தீட்டி, சீர்பார்த்துக் கொடுக்கும் கைவினைஞர்கள் அங்கே இன்றும் உள்ளனர். ஃபிராங்க் சூயிக் என்பவர் உருவாக்கிய புகழ்பெற்ற மர இரையின் வாலில் ஓர் உலோகத் தகடு உண்டு. அதனை வளைக்கும் அளவுக்கேற்ப இரை ஆழச் செல்லும். அவருக்கு நெடுங்காலம் முன்னரே, அப்பகுதியின் ஒஜிப்வே பழங்குடியினர் மரமீன் செதுக்கி, வயிற்றில் ஈயம் வார்த்து, பனிக்கட்டியில் துளையிட்டு நீருக்குள் ஆட்டிக் காட்டி, நெருங்கிவரும் மீனை ஈட்டியால் குத்தினர்.

மிச்சிகனில் தேனீ வளர்த்து வந்த ஜேம்ஸ் ஹெடன் என்பவர், 1890-களின் இறுதியில் மரத்தவளைகளைச் செதுக்கித் தம் நண்பர்களுக்கு வழங்கினார். அவர் பெயரால் பின்பு பெரிய தொழிற்சாலையே எழுந்தது. பின்லாந்தில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீனவர், மீன் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் ஒன்றையே பெரிய மீன் குறிவைப்பதைக் கண்டு, அத்தடுமாற்றத்தை மரத்தில் கொண்டுவர முயன்றார். 1936-ல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். இன்று அவர் பெயர் உலகெங்கும் உள்ள தூண்டிற்காரர் அறிந்த பெயர். இவர்களையும் இளமையில் யாரேனும் கடிந்திருப்பரோ என்னவோ! நற்செய்தியிலும் வலை பலமுறை வர, தூண்டில் ஒருமுறை வருகிறது. வரிப்பணத்துக்காகப் பேதுருவைத் தூண்டில் போடச் சொன்னவர் நம் ஆண்டவரே. அதையும் நாம் அப்பையனுக்குப் புத்தி சொன்னபோது நினைத்தோமில்லை.

அவனிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. நம் ஊர்களில் விராலுக்கு உயிருள்ள தவளையையே முதுகில் முள்ளேற்றி நீரில் விடுவது வழக்கம். "ஒரு மரத்தவளை நூறு தடவை உழைக்கும், சாமி. அத்தனை உயிர்த்தவளை பிழைக்கும்" என்றான். வயற்பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது தவளை. அதன் கால்களை ஏற்றுமதி செய்வதை நம் அரசு 1987-ல் தடை செய்ததும் அந்த நன்மை கருதியே. வள்ளலார் 1867-ல் தருமச்சாலை நிறுவிய வடலூர் நமக்குக் கூப்பிடு தூரம். எவ்வுயிருக்கும் இரங்கிய அப்பெரியாரின் மண்ணருகே மீன் பிடிப்பதையே பேசுகிறோமே என்ற கூச்சம் நமக்கும் உண்டு. ஆயினும் மீனை உணவாகக் கொள்வோரிடையே ஓர் உயிரின் வதையேனும் குறையுமாயின், அது சிறு காரியமன்று.

இவ்வளவு கண்டும், நம் மனம் முழுதும் மாறியது ஏரிக்கரையில்தான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுது. வெளியூரிலிருந்து காரில் வந்த இருவர், இருபது தவளைகள் வாங்குவதாகச் சொல்லியிருந்தனர். வாங்குமுன் நீரில் போட்டுப் பார்க்க விரும்பினர். குத்தகைதாரரின் அனுமதி பெற்றுப் பையன் அவர்களைப் பெருமாள் ஏரிக்கு அழைத்துச் சென்றான். நம்மையும் அழைத்திருந்தான். முப்பது தவளைகளை இழந்தபின், இரவு பகலாக உழைத்து அவன் மீண்டும் செய்த முதல் தொகுதி அது. அதை விற்றால்தான் வாங்கிய சாயத்துக்கும் முட்களுக்கும் கடன் தீரும்.

கரையோரம் நடந்தபோது, கோரைக்கு அப்பால் ஒரு முறம் அளவு நீர் சிவந்து, கொதிக்கும் உலை போல் குமிழியிட்டது. வந்தவர்களுள் ஒருவர் ஆவலோடு கோலை ஓங்கினார். "விரால் குஞ்சு! அதன் நடுவிலே போட்டால் தாய் நிச்சயம் அடிக்கும்!"

பையன் அவர் கையைப் பற்றினான். "வேண்டாம் அண்ணே. அது பசியில் அடிக்கிற மீன் இல்லை. பிள்ளையைத் தின்ன வந்த தவளை என்று நினைத்து, விரட்ட அடிக்கிற மீன். அதைப் பிடித்தால் ஒரு மீன் போகாது, அத்தனையும் போய்விடும். இதற்கு என் தவளையைப் போடாதீர்கள்."

அவர் சிரித்தார். "பொருளை விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? காசு கொடுத்து வாங்கினால் எங்கே போடுவது என்பது எங்கள் இஷ்டம்."

"அப்படியானால் விற்க மனமில்லை அண்ணே" என்றான் அவன். குரல் நடுங்கியது. ஆனால் பிடித்த கையை விடவில்லை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காரிலேறிப் போய்விட்டனர். இருபது தவளைகளும் பையிலேயே தங்கிவிட்டன.

வாசகர்களே, அந்தச் சிவந்த நீரைப் பார்த்துக்கொண்டு நாம் நெடுநேரம் நின்றோம். காரணம் உண்டு.

நமக்குப் பத்து வயதிருக்கும்போது, சொந்த ஊர்க் குளத்தில் அண்ணனும் நாமும் இதே காட்சியைக் கண்டோம். ஒரு குட்டித் தவளையை முள்ளில் குத்திக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எறிந்தோம். எறிந்த மாத்திரத்தில் நீர் வெடித்தது. முழங்கை நீள விரால். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வெற்றி முழக்கத்தோடு வீடு சேர்ந்தோம். அம்மா மீனை வாங்கிப் பார்த்துவிட்டு, "குஞ்சு இருந்ததா?" என்று கேட்டார்கள். "இருந்தது" என்றோம். வேறொன்றும் கேட்கவில்லை. குழம்பு வைத்து எல்லாருக்கும் பரிமாறினார்கள். தாம் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் குளத்துக்குப் போனோம். சிவப்பு வட்டம் பாதியாகச் சுருங்கியிருந்தது. நீர்க்காகங்கள் மூழ்கி மூழ்கி எழுந்தன. சிறு மீன்களும் சுற்றி நின்று கொத்தின. மூன்றாம் நாள் நீர் பச்சையாகக் கிடந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவங்களின் அட்டவணையில் அது இல்லாததால் நாம் எவரிடமும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அம்மா மோர் ஊற்றிய கை மட்டும் மறக்கவில்லை. அன்று நமக்கு வராத அறிவு, இந்தப் பிள்ளைக்குக் கடனும் தேவையும் நெருக்கும் வேளையில் வந்திருக்கிறதே! இவனையா பயனற்ற காரியம் செய்பவன் என்று கடிந்தோம்?

அன்று மாலையே தச்சர் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னோம். நம் குளத்துக் கதையையும் மறைக்காமல் சொன்னோம். "மேஸ்திரி, அவன் வேலையைப் பாராமலே புத்தி சொன்னது நமது தவறு. அந்த முப்பதில் பாதிக்கு நாமும் பொறுப்பு" என்றோம். அவர் தலை குனிந்திருந்தார், பதிலொன்றும் கூறவில்லை. சற்று நேரம் கழித்து, "இருபதும் திரும்பி வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் சென்றபின் பையன் நம்மைத் தேடி வந்தான். இரவு சாப்பாடு முடிந்ததும் தகப்பனார் பட்டறைக்கு வந்து, ஒரு தவளையைக் கையிலெடுத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "வாய் குடைந்தது சரியில்லை. உளி மொக்கை" என்றாராம். பின் தம் தகப்பனார் காலத்து நகவுளியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாணைக்கல்லில் தீட்டி மகனிடம் கொடுத்தாராம். உடைத்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

இன்று அவன் வாரத்தில் நான்கு நாள் தந்தையோடு கதவு வேலைக்குச் செல்கிறான். மற்ற நாட்களில் தவளை செதுக்குகிறான். பெருத்த வருமானம் என்று சொல்ல முடியாது. அந்த இருபதும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் கடன் தீர்ந்தது. அனுப்பும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், குஞ்சுகள் உள்ள இடத்தில் போட வேண்டாம் என்று எழுதிய ஒரு சீட்டை வைக்கிறான். வாங்குவோர் அனைவரும் அதனை மதிப்பரா? மதியாதாரும் இருக்கலாம். எனினும் எழுதி வைப்பது தன் கடமை என்கிறான்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் பிள்ளைகள் இடப்புறமோ வலப்புறமோ ஓடுவதாகத் தோன்றும்போது அவர்களைத் திருத்துவது உங்கள் கடமையே. ஆனால் முதலில் நீரில் விட்டுப் பாருங்கள். அருகே அமர்ந்து, அவர்கள் கைகள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். வளைக்க வேண்டியிருந்தால் அரை நூலளவு வளையுங்கள். கொட்டாப்புளியை மட்டும் எடுக்க வேண்டாம். புத்தி சொல்லும் பொறுப்பேற்ற நம்மைப் போன்றோருக்கும் இதுவே பொருந்தும்.